தேர்வு நாற்காலியில் யார் உட்கார்வது? ஒப்பனைப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஒப்பனைப் பயிற்சிப் பள்ளிகளை நடத்துபவர்களுக்கும், பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும், தேர்வாளர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள்தான் ஒப்பனைக் கலைஞரான என்னிடம் உதவியாளர்களாக வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கை நன்றாகவே ஓடுகிறது. பிரஷ்ஷைக் கழுவி உலர்த்தி வைக்கத் தெரிகிறது. லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் தேய்க்காமல் ஸ்பாட்டுலாவால் பேலட்டில் எடுத்துப் போடத் தெரிகிறது. மஸ்காராவுக்கு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிரஷ்களை மறக்காமல் கொண்டுவருகிறார்கள். இதெல்லாம் நீங்கள் கற்றுக்கொடுத்தது. ஆனால் வந்து உட்காரும் முகம் அவர்கள் பழகிய முகமாக இல்லாவிட்டால் அந்தக் கை அப்படியே நின்றுவிடுகிறது. நல்ல கறுப்புத் தோல், மடிப்பில்லாத இமை, அறுபது வயதுக் கண், ஹிஜாப் அணிந்த பெண், தாடி வைத்த ஆண், இவர்களில் ஒருவர் வந்தால் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். சிலர் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. பழகிய அதே முகத்தை இந்த முகத்தின் மேல் வரைந்து முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது வகையை நினைத்துத்தான் கவலை. தெரியவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

உங்கள் பாடத்திட்டங்கள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பகுதிக்குப் பெயர் 'பேசிக் மேக்கப்'. கடைசியில், சான்றிதழ் விழாவுக்குக் கொஞ்சம் முன்னால், 'எத்னிக் லுக்' என்றோ 'உலக ஒப்பனைகள்' என்றோ ஒரு பகுதி வருகிறது. பல மாதங்கள் ஒரு முகத்துக்கு, ஓரிரு நாட்கள் மீதி உலகத்துக்கு. பேசிக் என்று நீங்கள் வைத்திருப்பதற்கும் ஓர் ஊர் உண்டு, ஒரு காலம் உண்டு. அதுவும் ஒரு கலாச்சாரத்தின் ஒப்பனைதான்.

முகத்தை நீள்வட்டமாகக் 'திருத்துவது', மூக்கின் இரு பக்கமும் நிழல் வைப்பது, கன்ன எலும்பைத் தூக்கிக் காட்டுவது எல்லாம் பெருமளவு ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் விளக்குக்கு அடியில் பரவியவை. ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் மேக்ஸ் ஃபேக்டர் 1914-ல் சினிமாவுக்கென்றே மெல்லிய கிரீஸ் பெயின்ட் செய்தார். 1920களின் கடைசியில் ஃபிலிம் மாறியபோது அதற்கேற்ற ஒப்பனை வந்தது. கலர் படம் வந்தபோது 'பான்கேக்' என்ற பூச்சு வந்தது. கருவியும் ஒளியும் மாறியதால் மாறிய தொழில்நுட்பம் அது, அருமையான வேலை, மறுப்பில்லை. அவருடைய நிறுவனம் 1930களில் ஒரு கருவியும் செய்தது. தலையில் கூண்டு போல மாட்டி, திருகுகளை முடுக்கி, ஒரு முகம் 'சரியான' முகத்திலிருந்து எங்கெல்லாம் விலகுகிறது என்று அளந்து காட்டும் கருவி. இன்று அது அருங்காட்சியகப் பொருள். அளவுகோல் மட்டும் உங்கள் கரும்பலகையில் இன்னும் இருக்கிறது. கேமராவின் கதையும் இதுதான். கலர் ஃபிலிம் கழுவும் லேப்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய 'ஷெர்லி கார்டு' படத்தில் பல பத்தாண்டுகளுக்கு உட்கார்ந்திருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் படம் சரி. மற்றவர்கள் இருட்டில் போனால் அது அவர்கள் தோலின் குறை என்று ஆகிவிட்டது.

இதை மாணவர்களுக்கு வரலாறாகச் சொல்லிக்கொடுங்கள். அடிப்படை விதி என்று சொல்லாதீர்கள்.

கண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்குழி மடிப்பில் அடர் நிறம், இமையில் வெளிர் நிறம், புருவத்துக்கு அடியில் ஹைலைட். மூன்று பட்டை, இதுதான் உங்கள் முதல் பாடம். மடிப்பு இல்லாத இமையில் இதைப் போட்டுவிட்டு, கண்ணைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். போட்டதெல்லாம் உள்ளே போய்விடும். கிழக்காசிய முகங்களில் தினமும் வேலை செய்பவர்கள் வேறு வழியில் போகிறார்கள். கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கச் சொல்லி, அந்த நிலையில்தான் எல்லையைக் குறிக்கிறார்கள். இமை முடியின் வேரிலிருந்து மேல்நோக்கி நிறம் மெல்ல மெல்லக் கரைந்து போகும்படி கிடையாகப் பூசுகிறார்கள். ஐலைனரின் தடிமனையும் கண் திறந்திருக்கும்போதே முடிவு செய்கிறார்கள். இமையின் தோல் இன்னொரு இடத்தில் உரசும், அதனால் கலையாத லைனர், அதன் மேல் அதே நிறத்தில் கொஞ்சம் பவுடர். வால் வரைவதானால் அது தோல் மடிப்பில் உடையாதபடி கோணத்தை மாற்ற வேண்டும்.

இதில் சிரமமான வித்தை எதுவும் இல்லை. அரை நாளில் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் இதைப் பெரும்பாலும் 'கொரியன் லுக்' என்ற தலைப்பில்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அதனால் மாணவர்கள் இதை ஒரு ஃபேஷனாக மட்டும் புரிந்துகொள்கிறார்கள். வயதாகி மேல்தோல் தளர்ந்து இமை மூடிய எந்த அம்மாவுக்கும், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், இதே வழிதான் வேலை செய்யும். மணப்பெண்ணின் அம்மாவுக்கு மேக்கப் போட உட்காரும் உதவியாளருக்கு அந்தத் தொடர்பு உறைப்பதே இல்லை.

அப்புறம் அந்தக் கீழிமை. கீழிமை முடிக்கு ஒட்டினாற்போல் சிரிக்கும்போது திரளும் சிறு சதையைக் கொரிய ஒப்பனையில் எடுத்துக்காட்டுவார்கள். அடியில் மெல்லிய நிழல், மேலே ஒரு மினுமினுப்பு. இளமையாகத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். உங்கள் மாணவர் அதைக் கண்ணுக்கடிப் பை என்று நினைத்து கன்சீலர் போட்டு மூடிவிடுகிறார். பை அதற்கும் கீழே இருப்பது. இரண்டும் வேறு வேறு இடம். ஒன்றை எடுத்துக்காட்டி மற்றதை மறைக்க வேண்டும் என்று சொல்ல வகுப்பில் யாரும் இல்லை.

வளைகுடா அரபு ஒப்பனையில் கண்ணின் கறுப்பும் புருவத்தின் கூர்மையும் உரக்கப் பேசும். அது கொண்டாட்டத்தின் ஒப்பனை. உங்கள் மதிப்பெண் தாளில் 'இயல்பான தோற்றம்' என்று ஒரு வரி இருக்கிறது, அந்த வரியில் அந்த ஒப்பனைக்கு எப்போதும் மதிப்பெண் குறையும். கண்ணைப் பெரிதாகக் காட்டக் கீழிமையின் ஈர விளிம்பில் வெள்ளை அல்லது தோல்நிறப் பென்சில் போடச் சொல்கிறது பாடம். குழந்தையிலிருந்து அதே விளிம்பில் மை தீட்டி வளர்ந்த தெற்காசியப் பெண்ணுக்கு அப்படிப் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் காட்டுங்கள். "காய்ச்சல்காரி மாதிரி இருக்கேன்" என்பார். அவர் சொல்வதுதான் சரி. இயல்பு எது என்று அந்த முகத்துக்காரரிடம் கேட்க வேண்டும், மதிப்பெண் தாளிடம் கேட்கக் கூடாது.

தோலுக்கு வருகிறேன். இங்கேதான் நஷ்டம் அதிகம்.

ஃபவுண்டேஷன் ஷேடுகள் எத்தனை இருந்தாலும் பெரும்பாலும் நான்கே நிறமிகளின் கலவைதான்: டைட்டானியம் டை ஆக்சைடின் வெள்ளை, இரும்பு ஆக்சைடுகளின் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. வெளிர் ஷேடில் கறுப்பை மட்டும் ஏற்றிக் கருமையாக்கினால் தோலில் உயிர் இருக்காது, சாம்பல் பூத்தது போலாகும். வெள்ளை நிறமி தங்கிவிட்டால் இன்னும் மோசம். நல்ல கறுப்புத் தோலுக்குச் சிவப்பும், சில சமயம் நீலமும், சில சமயம் பொன் மஞ்சளும் வேண்டும். இது தெரியாத மாணவர் கிட்டில் இருப்பதிலேயே அடர்ந்த ஷேடை எடுக்கிறார், அது சாம்பலாக நிற்கிறது, சரிசெய்ய மேலே நிறமற்ற பவுடர் தட்டுகிறார், சிலிக்கா நிறைந்த அந்தப் பவுடர் ஃபிளாஷில் வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. திருமண ஆல்பத்தில் அந்தப் பெண் மாவில் விழுந்து எழுந்தவர் போல இருப்பார். ஆல்பத்தை அழித்துவிட்டு மறுபடி எடுக்க முடியாது.

அண்டர்டோன், அதாவது தோலின் அடிநிறம் பற்றிய பாடத்தில் மணிக்கட்டு நரம்பைப் பார்க்கச் சொல்கிறீர்கள். பச்சையாகத் தெரிந்தால் வெதுவெதுப்பு, நீலமாகத் தெரிந்தால் குளிர்ச்சி. நரம்பே தெரியாத தோலில் என்ன செய்வது? அதற்குப் பாடத்தில் பதில் இல்லை. தாடை ஓரத்தில் மூன்று ஷேடு கோடு போட்டு, பகல் வெளிச்சத்தில் கழுத்தோடும் மார்போடும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எல்லாத் தோலுக்கும் பொது வழி. கருமையான, மாநிறமான முகங்களில் நெற்றியும் வாயைச் சுற்றிய பகுதியும் கன்னத்தைவிட அடர்ந்து இருப்பது சகஜம். கன்னத்துக்குப் பொருந்திய ஒரே ஷேடை முகம் முழுக்க இழுத்தால் முகமூடிதான் கிடைக்கும். இரண்டு ஷேடு வேண்டும். கருவளையத்துக்குப் பீச் நிறத் திருத்தி வெளிர் தோலுக்குச் சரி, அடர்ந்த தோலுக்கு ஆரஞ்சு, இன்னும் அடர்ந்தால் செங்கல் சிவப்பு. வெளிர் ரோஜா ப்ளஷ் சுண்ணாம்பு மாதிரி நிற்கும், ஒயின் நிறமும் பளீர் ஆரஞ்சும் அழகாக அமரும். இந்த ஒரு பத்தியில் இருப்பது ஒரு மாணவருக்குத் தெரிந்திருந்தால் எத்தனையோ பேர் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வர மாட்டார்கள்.

அழகோடு இது முடிவதில்லை. ஒவ்வாமை வந்தால் தோல் சிவக்கும் என்று சொல்லிக்கொடுக்கிறீர்கள். அடர்ந்த தோலில் அந்தச் சிவப்பு ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியலாம், கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். அரிக்கிறதா, எரிகிறதா, இறுக்குகிறதா என்று வாயால் கேட்க வேண்டும். அது மட்டுமல்ல, அடர்ந்த தோலில் ஒரு எரிச்சல் ஆறிய பிறகும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கலாம். ஒரு நாள் மேக்கப்புக்கு அது பெரிய விலை.

சில பள்ளிகளில் ஃபிட்ஸ்பாட்ரிக் அட்டவணையை ஷேடு அட்டை போலப் பயன்படுத்துகிறார்கள். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் ஒரு தோல் மருத்துவர். 1975-ல் அவர் அதை வகுத்தது, புற ஊதாக் கதிருக்குத் தோல் எவ்வளவு எரியும், எவ்வளவு கறுக்கும் என்று மதிப்பிட. முதலில் இருந்தவை நான்கே வகை. பழுப்புத் தோலும் கறுப்புத் தோலும் பிறகு சேர்ந்தவை. ஃபவுண்டேஷன் தேர்வுக்கு அது பிறக்கவே இல்லை. அட்டவணை வேண்டும் என்றால் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்து 2022-ல் கூகுள் வெளியிட்ட பத்துப் படி அளவுகோல் இருக்கிறது, அதில் அடர்ந்த பக்கத்துக்கும் இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால் அட்டவணையைவிடப் பத்து ஆட்களை அழைத்து உட்காரவைப்பது மேல்.

கடைகளில் நிலைமை மாறிவிட்டது. கறுப்பினப் பெண்களுக்காக 1973-ல் ஃபேஷன் ஃபேர், 1994-ல் இமான் என்ற பிராண்டுகள் வந்தன, அப்புறம் 2017-ல் ஃபென்டி பியூட்டி 40 ஷேடோடு ஒரே நாளில் வந்து மற்ற நிறுவனங்களையும் ஓடவைத்தது. குப்பிகள் வந்துவிட்டன, அவற்றைத் திறக்கும் கைகள் வரவில்லை. இன்றும் எத்தனையோ மாடல்களும் நடிகர்களும் தங்கள் ஃபவுண்டேஷனைத் தாங்களே பையில் எடுத்துக்கொண்டுதான் படப்பிடிப்புக்கு வருகிறார்கள். தொழில் தெரிந்த ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கே இருக்கும்போது இது நமக்குப் பெருமையா?

மேடை ஒப்பனை பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கதகளி, ஜப்பானின் கபுகி, சீனாவின் பெய்ஜிங் ஓபரா என்று சில படங்களைத் திரையில் காட்டிவிட்டு, 'ஃபேன்டசி லுக்' என்று ஒரு பயிற்சி கொடுக்கிறீர்கள். மாணவர்கள் மூன்றையும் குழைத்து ஒரு முகத்தில் அப்பிவிடுகிறார்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எழுத்தைப் படமாக வரைகிறார்கள்.

கதகளியில் பச்சை உயர்ந்த நாயகர்களுக்கு: நளன், அர்ச்சுனன், கிருஷ்ணன். சிவப்புத் தாடி துச்சாதனனைப் போன்ற கொடியவர்களுக்கு. வெள்ளைத் தாடி அனுமனுக்கு. கபுகியின் கோட்டு ஒப்பனையான குமாதோரியில் சிவப்புக் கோடுகள் வீரத்துக்கும் நியாயத்துக்கும், நீலம் வில்லனுக்கு, பழுப்பு மனிதர் அல்லாதவைக்கு. பெய்ஜிங் ஓபராவில் சிவப்பு முகம் விசுவாசி, வெள்ளை முகம் சூழ்ச்சிக்காரர், கறுப்பு முகம் நேர்மையானவர். ஓரிடத்தின் நல்லவர் நிறம் இன்னோரிடத்தில் கெட்டவர் நிறம். 'சிவப்பு என்றால் கோபம்' என்று நிற உளவியல் வகுப்பில் ஒரே வரியில் சொல்கிறீர்களே, அது எவ்வளவு மெலிந்த பாடம் என்று இந்த மூன்று மேடைகளை அருகருகே வைத்தாலே தெரிந்துவிடும்.

வேலை நடக்கும் விதமும் பாடம்தான். கபுகி நடிகர் தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்கிறார். கதகளி நடிகர் முதலில் தானே கோடு போட்டுக்கொண்டு, பிறகு தரையில் மல்லாந்து படுக்கிறார். சுட்டிக் கலைஞர் தலைமாட்டில் உட்கார்ந்து, அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்த பசையால் தாடையோரம் 'சுட்டி' என்ற வெள்ளை விளிம்பை அடுக்கடுக்காகக் கட்டுகிறார், இப்போது அதில் காகிதமும் சேர்கிறது. மணிக்கணக்கான வேலை. அது முடிந்ததும் மிச்சத்தை மீண்டும் நடிகரே முடிக்கிறார். கேரள கலாமண்டலத்தில் சுட்டி தனிப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. அந்த வெள்ளை விளிம்பு ஏன்? பெரிய எண்ணெய் விளக்கின் அசையும் ஒளியில், தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு முகத்தின் ஒவ்வொரு அசைவும் தெரிய வேண்டும். கபுகியின் வெள்ளைப் பூச்சுக்கும் மெழுகுவர்த்திக் காலத்து அரங்குதான் பின்னணி. எந்த ஒளி, எவ்வளவு தூரம், யார் பார்ப்பது: இந்த மூன்று கேள்விகளைக் கதகளியிடமிருந்து கற்றுக்கொண்ட மாணவர் நாளைக்கு டிவி ஸ்டுடியோவிலும் பிழைத்துக்கொள்வார். பச்சை முகத்தின் படத்தைப் பார்த்துப் பச்சை பூசியவர் பிழைக்க மாட்டார்.

இன்னொன்று, உங்கள் வகுப்பில் ஒப்பனை என்றால் பெண் முகம். நைஜர் நாட்டு வொடாபே மக்களின் கெரெவோல் விழாவில் முகத்தில் நிறம் பூசி, கோடு இழுத்து, பல்லின் வெண்மையும் விழியின் வெண்மையும் தெரிய நின்று ஆடுபவர்கள் ஆண்கள். தேர்ந்தெடுப்பவர்கள் பெண்கள். தாடிக்குள் ஃபவுண்டேஷன் திட்டாக நிற்காமல் எப்படிப் போடுவது என்ற சாதாரணக் கேள்விக்குக்கூடப் பதில் தெரியாமல் வரும் உதவியாளர்களைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும்.

இனி கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டிய விஷயம். தேர்விலும் போட்டியிலும் 'உலக நாடுகள்' என்று தலைப்புக் கொடுக்கிறீர்கள். ஒரே வெளிர் நிற மாடல் ஒரு நாள் ஜப்பானியராகிறார், மறுநாள் அடர் ஃபவுண்டேஷனை அப்பிக்கொண்டு ஆப்பிரிக்கராகிறார், கன்னத்தில் வெள்ளைப் புள்ளிகள் வேறு. எந்த ஆப்பிரிக்கர், எந்த மக்கள், எதற்காக அந்தப் புள்ளி என்று யாரும் கேட்பதில்லை. இதை நிறுத்துங்கள். ஒருவரின் தோலை இன்னொருவருக்கு வேஷமாகப் போடுவதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. நியூசிலாந்தின் மாவோரிப் பெண்கள் மோவாயில் குத்திக்கொள்ளும் மோகோ கவாய் அவர்கள் வம்சத்தைச் சொல்வது. ஐலைனரால் வரைந்து மாலையில் கிளென்சரால் துடைக்கும் பொருள் இல்லை. நமீபியாவின் ஹிம்பா பெண்கள் வெண்ணெய்க் கொழுப்பும் செம்மண்ணும் கலந்து பூசும் ஒட்ஜிசே அவர்களுக்கு அன்றாடத் தோல் பராமரிப்பு, மியான்மரில் மரப்பட்டையைக் கல்லில் அரைத்துப் பூசும் 'தனக்கா'வும் அப்படித்தான். 'ட்ரைபல் லுக்' என்ற ஸ்லைடில் வைப்பதற்குப் பதில் சன்ஸ்கிரீன் பாடத்தின் பக்கத்தில் வைத்தால் பொருத்தமாக இருக்கும்.

மரபு என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைக்கச் சொல்லவில்லை. பழைய பாணிக் கண்மையான சுர்மாவில் ஈயம் இருப்பதுண்டு, அமெரிக்காவில் 'கோல்' எனப்படும் இவ்வகை மையை ஒப்பனைப் பொருளின் நிறமியாக அனுமதிப்பதில்லை. மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும், ஓரிரு நாளில் அடர்ந்து வரும். உடனே கன்னங்கரேலென்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் இருக்கும், அது தோலைக் கொப்பளிக்க வைக்கும். எலிசபெத் காலத்து இங்கிலாந்தும் ஈய வெள்ளையைத்தான் முகத்தில் பூசியது. யாருடைய மரபும் விஷத்துக்கு விலக்கில்லை, இதை ஒரே பாடமாக வைக்கலாம்.

பேசுவதற்கும் பயிற்சி வேண்டும். பிரஷ்ஷை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை யாரும் சொல்லித் தருவதில்லை. தொழுகைக்கு முன் ஒளு செய்பவருக்கு, அதாவது முகம் கைகால் கழுவுபவருக்கு, தண்ணீர் தோலில் பட வேண்டும், அப்படியானால் மேக்கப்பை எந்த நேரத்தில் தொடங்குவது? ஹிஜாபைக் கழற்றுவதானால் ஆண்கள் வராத அறை இருக்கிறதா? அந்தத் துணியின் நிறம்தான் முகத்துக்குச் சட்டம், அதை முதலில் பார்த்தீர்களா? சைவம் என்று சொல்பவருக்கு உதட்டுச் சாயத்தின் கார்மைன் பூச்சியிலிருந்து வருவது என்று சொன்னீர்களா? ஆட்டு முடி பிரஷ் முகத்தில் படுவதில் அவருக்குச் சம்மதமா? இதெல்லாம் மதத்தைப் பற்றிய வகுப்பு இல்லை, வேலையின் முதல் பத்து நிமிடம்.

அதே பத்து நிமிடத்தில்தான் அந்த இன்னொரு பேச்சும் வரும். "கொஞ்சம் கலரா காட்டிடுங்க." பெரும்பாலும் மணப்பெண் சொல்வதில்லை, பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். இரண்டு ஷேடு ஏற்றிப் போட்டுவிட்டு, கழுத்துக்கும் கைக்கும் வேறு பூச்சு தேடி ஓடும் உதவியாளரை நான் திட்டுவதில்லை, ஏனென்றால் மறுக்க அவருக்கு வார்த்தை கொடுக்கப்படவில்லை. நான் செய்வது இதுதான்: முகத்தின் ஒரு பாதியில் அவரது சொந்த ஷேடும் மறுபாதியில் அவர்கள் கேட்ட ஷேடும் போட்டு, ஃபிளாஷோடு போனில் ஒரு படம் எடுத்து, படத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறேன். முடிவு அவருடையது. அவர் வெளிர் பாதியையே கேட்டால் ஒரு ஷேடுக்கு மேல் நான் போவதில்லை, அதையும் சொல்லிவிடுவேன். உங்கள் ஆசிரியர்கள் வேறு வழி வைத்திருக்கலாம். ஏதாவது ஒரு வழியைச் சொல்லிக்கொடுங்கள்.

சரி, இதற்கெல்லாம் காரணம் எங்கே இருக்கிறது? ஆசிரியர்களிடம் இல்லை, பாடநூலிலும் முழுதாக இல்லை. தேர்வில் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் 'மாடலை மாணவரே அழைத்துவர வேண்டும்' என்று விதி. மாணவர் யாரை அழைத்துவருவார்? மேக்கப் நன்றாக ஏறும் தோழியை. படிப்புக் காலம் முழுவதும் அந்தத் தோழியின் முகத்திலேயே பழகுவார், அதே முகத்திலேயே தேறுவார். தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் எல்லோரும் படிப்பார்கள், நானும் அப்படித்தான் படித்தேன்.

ஆகவே மாடல்களைப் பள்ளியே அழைக்கட்டும். யாருக்கு யார் என்பது தேர்வு நாள் காலையில் சீட்டுக் குலுக்கலில் தெரியட்டும். ஒரு மாணவருக்கு மூன்று முகம்: அவற்றில் ஒன்றாவது அவர் தோலிலிருந்து நன்றாக விலகிய நிறத்தில், ஒன்றாவது ஐம்பது வயதைத் தாண்டி இருக்க வேண்டும். தொடுவதற்கு முன் மாடலோடு பேசும் பத்து நிமிடத்துக்கும் மதிப்பெண். முடித்த முகத்தைப் பகல் வெளிச்சத்திலும், மஞ்சள் விளக்கிலும், ஃபிளாஷிலும் படம் எடுத்துப் பாருங்கள். மதிப்பெண் தாளில் 'இயல்பான தோற்றம்' என்ற வரியை அடித்துவிட்டு, 'கேட்டது கிடைத்ததா' என்று எழுதி அந்த ஒரு வரியை மட்டும் மாடலே நிரப்பட்டும். கிட்டில் கொடுக்கும் ஆயத்த ஷேடுகளைக் குறைத்து வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், அடர் பழுப்பு என்று கலப்பதற்கான நிறங்களைக் கொடுங்கள். கலக்கத் தெரிந்தவருக்கு ஷேடு தீராது.

'எங்கள் பகுதியில் அப்படிப்பட்ட வாடிக்கையாளர்களே வருவதில்லை' என்று ஒருவர் எனக்குச் சொன்னார். ஒரே குடும்பத்தில் அம்மாவும் மகளும் ஒரே நிறமாக இருக்கிறார்களா? எல்லா ஊரிலும் இமை தளர்கிறதுதானே? வராதவர்கள் ஏன் வரவில்லை என்றும் யோசிக்கலாம். ஒருமுறை சாம்பல் முகத்தோடு திரும்பிப் போனவர் மறுபடி வர மாட்டார், அவர் உறவுக்காரர்களும் வர மாட்டார்கள். 'காலம் போதாது' என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் இமை மடிப்பைக் கூர்மையாக வெட்டிக் காட்டும் கட்-கிரீஸ் பயிற்சி நாட்களைக் குறைத்துவிடுங்கள், அது எல்லாக் கண்ணுக்கும் உரியது இல்லையே.

முடியாது என்று சொல்ல இனி வழியில்லை, முடி விஷயத்தில் நடந்துவிட்டது. பிரிட்டனில் 2021-ல் சிகை அலங்காரத் தொழிலின் தேசியத் தகுதித் தரங்களைத் திருத்தி, சுருள் முடியும் ஆஃப்ரோ முடியும் எல்லோரும் கற்க வேண்டியதாக்கினார்கள். நியூயார்க் மாநிலம் 2023-ல் எல்லா வகை முடியையும் அழகுக்கலைப் பள்ளிகள் கற்பிக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. அந்தத் திருத்தத்துக்கு முன் பிரிட்டனில் ஆஃப்ரோ முடி பெரும்பாலும் ஒரு தனிக் கோர்ஸ், விருப்பமுள்ளவர்கள் கூடுதல் பணம் கட்டிப் படிப்பது. தோலுக்கும் கண்ணுக்கும் சட்டம் வரும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, பாடத்திட்டக் குழுவின் ஒரு கூட்டம் போதும்.

அந்தக் கூட்டத்தில் கட்டாயம் எழப்போகும் கேள்வி, இத்தனை மாடல்களுக்கு எங்கே போவது என்பது. மாணவர்களின் அம்மாக்கள், பாட்டிகள், அப்பாக்களிலிருந்து தொடங்குங்கள். பக்கத்துப் பள்ளியோடு மாடல்களை மாற்றிக்கொள்ளுங்கள். என் வாடிக்கையாளர்களில் சிலரிடம் பேசிப் பார்த்தேன், வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அவர்களில் இருவர் மேக்கப் கலைஞர்களிடம் நல்ல கோபத்தில் இருக்கிறார்கள், அது உங்கள் மாணவர்களுக்கு உபயோகமாக இருக்கும். தேர்வாளராக வந்து உட்கார எனக்கும் சம்மதம். எனக்குச் சன்மானம் வேண்டாம், மாடலுக்கு மட்டும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களோடு தினமும் வேலை செய்யும் ஓர் ஒப்பனைக் கலைஞர்